சைக்கிளை விட்டு இறங்கியவர்

அவர் எங்கள் ஊரில் ஆயில் இன்ஜின் மெக்கானிக். அவ்வளவு பயந்த மனிதரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கரண்ட் என்றால் பயம் என்று மோட்டார் பக்கமே போகமாட்டார். டீசல் இன்ஜின் மட்டும்தான். அதுவும் பயம்தான். ஹேண்டிலைப் போட்டுச் சுற்றிச் சுற்றி, இன்ஜின் பிடித்துக்கொண்டதும் மூன்றடி பின்னால் துள்ளுவார். பிறகு மெல்லக் கிட்டே வந்து, காதைச் சாய்த்து, "ஓடுது" என்பார், அதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. நடுவில் எட்டு மாதம் சாமியாராகவும் இருந்தார். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

பயத்தை மறைக்க அவருக்குத் தெரியாது. "பயமா இருக்கும்மா" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார். ஓர் ஆம்பளை இப்படிச் சொல்லலாமா என்று என் மாமியார் முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வார். ஆனால் மெக்கானிக் அப்படிச் சொல்லிவிட்டு வேலையைச் செய்துவிடுவார். எங்கள் கொல்லையை ஒட்டிப் பம்பு செட்டுக் கிணறு இருந்தது. தண்ணீர் உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வில் குப்பை அடைத்துக்கொண்டால் யாராவது உள்ளே இறங்கித்தான் ஆகவேண்டும். இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைப் பூவரச மரத்தில் கட்டி, அந்த முடிச்சை என்னை ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொல்லி, அதற்கப்புறமும் விளிம்பிலேயே நிற்பார்.

"உள்ள பாம்பு இருக்கும்மா."

"இருந்தா இருக்கட்டுங்க. அது பாட்டுக்கு இருக்கும்."

"அது பாட்டுக்கு இருக்கும். நான் என் பாட்டுக்கு இருக்க முடியாதே." ஒரு பெருமூச்சு விடுவார். "மேல வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருங்கம்மா" என்று இறங்கிவிடுவார்.

நான் பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண். தென்னந்தோப்பிலிருந்து நெல் வயலுக்கு வாக்கப்பட்டு வந்தவள். பெரிய வீடு, பெரிய குடும்பம். என் கணவரின் பெரியப்பாதான் எல்லாவற்றுக்கும் தலை. நாங்கள் பெரிய மாமா என்போம். அந்த வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, துணிமணிக்குக் குறைவில்லை. என்னிடம் பேசத்தான் யாரும் இல்லை. கூப்பிடுவார்கள், ஏவுவார்கள், அதோடு சரி. பேசு என்று என்னைக் கேட்ட ஒரே மனிதர் இந்த மெக்கானிக்தான், அதுவும் கிணற்றுக்குள்ளிருந்து. நானும் விளிம்பில் உட்கார்ந்து, எங்கள் ஊர்ச் சந்தையில் தேங்காய் உரிக்கிற வேகத்தையும், என் அண்ணன் மரத்திலிருந்து விழுந்த கதையையும் சொல்வேன். கீழேயிருந்து "ம்", "அப்புறம்" என்று சத்தம் வரும். சில நாள் வேலை முடிந்து அவர் மேலே வந்த பிறகும் நான் பேசிக்கொண்டிருப்பேன். அவர் ஈரக் கயிற்றைச் சுருட்டியபடி நின்று கேட்பார்.

அது எங்கள் பக்கத்தில் கொடிகள் முளைத்திருந்த காலம். சென்னையில் ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கரை வேட்டிக்காரர்கள் வந்து மேடை போட்டு, எல்லாரும் சமம் என்று பேசிவிட்டுப் பெரிய மாமா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். கீழத்தெருவில் சிவப்புக் கொடி ஏறியிருந்தது. அறுவடைக் கூலி நெல்லை உயர்த்திக் கேட்டு அங்கே கூட்டம் நடக்கும். எங்கள் மேலத்தெருவில் கதவுக்குப் பின்னால் கம்புகள் சாத்தி வைத்திருந்தார்கள். கீழத்தெருக்காரர்கள் மேலத்தெரு வழியாகச் சைக்கிளில் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் மீறினவர்கள் கிடையாது. முதலில் மீறினவன் மாணிக்கம். அவன் மனைவி அஞ்சலை எங்கள் மாட்டுக்கொட்டகையில் வேலை செய்துவந்தாள். ஒரு நாள் காலையில் அவன் மணியடித்துக்கொண்டு, சீட்டில் உட்கார்ந்தபடியே, பெரிய மாமா வாசலைத் தாண்டிப் போனான். வாசலில் நின்றவர்கள் அவன் முதுகையே பார்த்தார்கள். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

அந்த மாசியில் வைக்கோல் போர் எரிந்தது.

மேட்டூரில் தண்ணீர் நிறுத்திவிட்டிருந்தார்கள். தாளடி நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் போதவில்லை என்று இன்ஜினைப் பகலெல்லாம் ஓட்டினார்கள். இன்ஜின் கொட்டகையை அடுத்துக் களம், களத்தோரம் ஆளுயரத்தைப் போல மூன்று மடங்குக்குப் போர். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். கொல்லையிலிருந்து பார்த்தபோது போரின் உச்சியில் புகை. தண்ணீர் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஊரே களத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மெக்கானிக் மட்டும் எங்கள் கொல்லைத் தொட்டி அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கம்பி வலையைக் கழுவிக்கொண்டிருந்தார். இன்ஜினின் புகைக்குழாய் வாயில், பொறி பறக்காமல் இருக்க, அவரே வெட்டிக் கட்டியிருந்த வலை. அது சுத்தமாகிவிட்டது. அப்படியும் கழுவினார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. கரி அடைத்துப் புகை வெளியேறாமல் இன்ஜின் முனகியிருக்கும். வலையைக் கழற்றியிருப்பார். மாட்ட மறந்திருப்பார்.

சாயங்காலத்துக்குள் பெரிய மாமா முடிவு செய்துவிட்டார். சைக்கிளில் ஏறிப் போனவன்தான் தீயும் வைத்தவன். மறுநாள் போலீஸ் வந்து மாணிக்கத்தைக் கொண்டுபோனது. மூன்றாம் நாள் மெக்கானிக் வீடு பூட்டிக் கிடந்தது. இன்ஜினைத் தொட ஆளில்லை. பயந்தாங்கொள்ளி, போலீஸைப் பார்த்தே ஓடிவிட்டான் என்று எங்கள் வீட்டில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புகார் எழுதிக் கொடுத்தது எங்கள் வீடு. அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, வலையைப் பார்த்தேன் என்று நான் யாரிடம் சொல்வேன்? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அஞ்சலை வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மாணிக்கத்துக்கு ஜாமீன் நிற்க ஒருவரும் முன்வரவில்லை. ஆவணியில் அவனுடைய அப்பா இறந்துபோனார். கொள்ளி வைக்க அவனை விடவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் வைத்தான்.

ஐப்பசிக் கடைமுழுக்குக்கு வீட்டோடு மாயவரம் கிளம்பினார்கள். எனக்கு அன்றைக்குப் பார்த்து வீட்டுக்குத் தூரம். "அதுக்கென்ன, நாளைக்குத் தலைக்கு ஊத்திக்கிட்டு முடவன் முழுக்குக்குப் போயிட்டு வா" என்றார் மாமியார். ஐப்பசி பூராவும் காவிரியில் முழுக ஊர் ஊராக ஜனங்கள் வருவார்கள். நடக்க முடியாத ஒருவன் தவழ்ந்து தவழ்ந்து ஒரு நாள் பிந்தி வந்து சேர்ந்தானாம். அவனுக்காகச் சாமி கார்த்திகை முதல் தேதியையும் சேர்த்துக் கொடுத்ததாம். அந்த நாளில்தான் நானும் போய்ச் சேர்ந்தேன். துணைக்கு வந்த பக்கத்து வீட்டு அத்தை முழுகிவிட்டுக் கோயிலுக்குள் போயிருந்தார். முந்தின நாள் கூட்டத்தின் மிச்சம் படியெங்கும் கிடந்தது.

மண்டப நிழலில் ஒரு சாமியார். காவி, மார்புவரை தாடி. ஒரு பெண் குழந்தையோடு விழுந்து கும்பிட, திருநீறு கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்தப் பதற்றத்தில்தான் ஆளை அடையாளம் கண்டேன்.

"சாமி சௌக்கியமா?" என்றேன். என் வாய் அப்படி.

"உக்காருங்கம்மா."

"இன்ஜின் எட்டு மாசமா மக்கர் பண்ணுது."

"வேற ஆளு பாக்கலையா?"

"பாத்தாங்க. அவரு பயப்படாம கிளப்பறாரு. அது ஓட மாட்டேங்குது."

தாடிக்குள் சிரித்தார். பிறகு, ஒரு நல்ல சேதியைச் சொல்கிற குரலில், "இங்க எனக்கு பயமே இல்லைம்மா. போன மாசம் இந்தப் படியில பாம்பு வந்துச்சு. சும்மா பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். எல்லாம் விட்டுப்போச்சு" என்றார்.

"விட்டுப்போகாம என்ன செய்யும்? இங்க உங்களுக்கு வேலை என்ன இருக்கு, பயப்படறதுக்கு?"

அவர் முகம் விழுந்தது. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மாணிக்கத்தின் அப்பா போனதைச் சொன்னேன், கொள்ளி வைக்க அவனை விடாததைச் சொன்னேன். மூன்றாம் தேதி கேஸ் என்று சொன்னேன். "அன்னிக்கு நீங்க வலையைக் கழுவினதை நான் பாத்தேன்" என்றும் சொன்னேன்.

"பாத்தீங்களா?"

"ம்."

"அப்ப நீங்க ஏம்மா சொல்லலை?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். குத்திக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அந்த வெட்கம் கோபமாகத்தான் வெளியே வந்தது. "முடவனுக்கு சாமி ஒரு நாள் தள்ளிக் குடுக்கும். கோர்ட்டுல குடுக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து ஆற்றில் இறங்கினேன். முழுகி எழுந்தபோதும் அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் மாமியார், "தெரிஞ்சவங்க யாரையாவது பாத்தியா?" என்றார். யாரையும் பார்க்கவில்லை என்றேன்.

மூன்றாம் தேதி மத்தியானம் என் கணவர் சாப்பிட உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். இத்தனை நாளும் மாயவரத்தில் சாமியாராக இருந்தானாம் மெக்கானிக், சவரம் செய்துகொண்டு, யாரிடமோ கடன் வாங்கின சட்டையில் கோர்ட்டுக்கு வந்து நின்றானாம். கூண்டில் ஏற்றியதும் வலையை மாட்ட மறந்ததைச் சொன்னானாம். கை நடுக்கத்தில் கூண்டுக் கட்டையே ஆடியதாம்.

"இத்தனை நாள் ஏன் வந்து சொல்லலைன்னு ஜட்ஜு கேட்டாரு. பயம்னான். இப்ப பயம் போயிடுச்சான்னாரு. இல்லீங்க, இப்பதான் ஜாஸ்தியா இருக்குன்னான். கோர்ட்டே சிரிச்சுது" என்றார் அவர். "எவன் போயி இவனைக் கெளப்பிவிட்டான்னு தெரியலை. பெரியப்பா விசாரிச்சுக்கிட்டு இருக்காரு. மோர் ஊத்து."

மோர் ஊற்றினேன். கை நடுங்காமல் ஊற்றினேன், அதில் எனக்கு நல்ல பழக்கம்.

மாணிக்கம் விடுதலையானான். பெரிய மாமா மெக்கானிக்கைக் களத்துக்கு வரவழைத்து, எரிந்த போருக்காக நாலு பேர் முன்னால் வைதார். கடைசியில், "யாருய்யா உன்னை இங்க கூட்டியாந்தது?" என்று கேட்டார். நான் கொல்லைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"பஸ்ஸுலதாங்க வந்தேன்" என்றார் மெக்கானிக்.

அதற்கப்புறம் மேலத்தெருவில் ஓர் இன்ஜினையும் அவரைத் தொட விடவில்லை. குடியிருந்த வீட்டையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். பஸ் ரோட்டோரம் இரண்டு தெருவுக்கும் நடுவே ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, பஞ்சர் ஒட்டிக்கொண்டும், அடைத்துப்போன ஸ்டவ்வின் துளையில் பின் குத்திக்கொண்டும் உட்கார்ந்தார். இனியாவது மாயவரத்துக்கே போய்விடலாமே என்று எல்லாரும் நினைத்தார்கள். அங்கே காலில் விழ ஆள் இருந்தது, வேளைக்குச் சோறு இருந்தது. இங்கே பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட அந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள். ஒருமுறை நான் ஸ்டவ் கொடுத்தனுப்பியிருந்தேன். வாங்கிவரப் போன வேலைக்காரப் பெண், "சாமியாரா இருந்துட்டு இப்புடி மண்ணெண்ணெயில கெடக்கறீங்களே" என்று கேட்டிருக்கிறாள். "அது லீவும்மா. இதான் டூட்டி" என்றாராம். அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோர்ட்டு முடிந்த மறுநாள் அவர் மாணிக்கம் வீட்டு வாசலில் போய் நின்றதை அஞ்சலையே பின்னால் என்னிடம் சொன்னாள். மாணிக்கம் வெளியே வரவில்லை. அவள்தான் கேட்டிருக்கிறாள். "எங்க மாமனாருக்கு ஊரான் வீட்டுப் புள்ள கொள்ளி வெச்சுது. எட்டு மாசம் எங்க போயிருந்தீங்க?" அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பிப் போய்விட்டார்.

அதற்கடுத்த காலையிலிருந்து அந்தக் கூத்து ஆரம்பித்தது. தினம் கீழத்தெரு வழியாகச் சைக்கிளில் வருவார். மாணிக்கம் வீடு வந்ததும் இறங்குவார். அந்த வாசலைத் தாண்டும்வரை தள்ளிக்கொண்டு நடந்து, அப்புறம் ஏறிக்கொள்வார். கீழத்தெருவில் ஒருவன் வாசலில் சைக்கிளை விட்டு இறங்கின முதல் வெளியாள் அவர்தான். மேலத்தெருவில் காறித் துப்பினார்கள். கீழத்தெருவிலும் முதலில் சந்தேகப்பட்டார்கள், கேலி செய்கிறான் என்று ஒரு நாள் இளவட்டங்கள் டயரைக் கிழித்துவிட்டார்கள். மறுநாள் ஒட்டின டயரோடு வந்து இறங்கினார். மாணிக்கம் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருப்பான், நிமிரமாட்டான். மழையில், சேற்றில், காய்ச்சலில், ஒரு நாள் தவறவில்லை. தினம் பயந்துகொண்டுதான் போனார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். துள்ளுகிற மனிதர் அல்லவா. அந்த வாசல் வரும்போது தோள்கள் காதுவரை உயர்ந்துவிடுமாம், அஞ்சலை நடித்தே காட்டினாள்.

நான் என்ன செய்தேன் என்றால், ஒன்றும் செய்யவில்லை. பஸ்ஸுக்குப் போகும்போது கொட்டகையைத் தாண்டுவேன். கூட யாராவது இருந்தால் பார்க்காத மாதிரி போவேன், தனியாக இருந்தால் தலையசைப்பேன். அவரும் கூட ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தலையசைப்பார். எனக்காக அவர் அப்படிப் பார்த்துக்கொண்டார். கிணற்று விளிம்பில் உட்கார்ந்து பேச எனக்கு ஆயிரம் இருந்தது, கேட்க ஒருவர் அரை மைலில் இருந்தார். பன்னிரண்டு வருஷம் அப்படியே போனது.

பெரிய மாமா காலமாகி, நிலத்தில் பாதி கைமாறி, என் தலையிலும் நரை தட்டியபிறகு ஒரு நாள் பால்காரர் சொன்னார், மெக்கானிக்கைத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், பிழைக்கமாட்டாராம். துணி எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அந்த வயதிலும் பொய்தான் சொன்னேன்.

கட்டிலில் பாதி உடம்பாகக் கிடந்தார். கண் திறக்கவில்லை. நர்ஸ் வந்து, "நிறைய பேரு நிக்கக் கூடாதும்மா. அவரு தம்பி வேற வெளிய இருக்காரு" என்றாள்.

அவருக்குத் தம்பி கிடையாது. அக்கா தங்கை கிடையாது. யாருமே கிடையாது. வெளியே வந்து பார்த்தேன். வராந்தா பெஞ்சில் கஞ்சித் தூக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாணிக்கம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்துகொண்டார்.

"நீங்களா சேர்த்தீங்க?" என்றேன். அவரிடம் முதல் தடவையாக 'ங்க' போட்டுப் பேசுகிறேன், நாக்கு இடறியது.

"காலையில வாசலுக்கு ஆளு வரலை. போயிப் பாத்தா கொட்டகையில விழுந்து கெடந்தாரு."

"தம்பின்னு சொல்றாங்க."

"என்ன ஒறவுன்னு கேட்டு எழுதுனாங்க. வேற எதைச் சொல்றது?" தூக்கின் மூடியை அழுத்தி மூடினார். "ஒரு வார்த்தை பேசலை நான். நாளைக்குப் பேசிக்கலாம் நாளைக்குப் பேசிக்கலாம்னே இருந்துட்டேன்."

எனக்கு அங்கேயே நின்றுகொண்டிருக்க முடியவில்லை, போகவும் முடியவில்லை. "மாணிக்கம்" என்றேன். "போர் எரிஞ்ச அன்னிக்கு அவரு வலையைக் கழுவினதை நான் பாத்தேன். தீ எப்புடி வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நீங்க ஜெயில்ல இருந்த எட்டு மாசமும் தெரியும். உங்க அப்பா போனப்பவும் தெரியும்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். அப்படி ஒருவர் என்னைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் கஞ்சித் தூக்கை எடுத்துத் தன் காலடியில் தரையில் வைத்தார். பெஞ்சில் இடம் வந்தது. மன்னித்துத்தான் வைத்தாரா, நின்றுகொண்டிருக்கிறாளே என்று வைத்தாரா, எனக்குத் தெரியாது. உட்கார்ந்தேன்.

அப்போது மேலத்தெருக்காரர் ஒருவர், என் கணவருக்கு நெருங்கின உறவு, மருந்துச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் வந்தார். என்னைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

"இங்க என்ன பண்றே?" என்றார்.

எனக்குப் பயமாக இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.